சரி என்று போட்ட இலை

இலை பறிக்கிறவர்கள், கழுவுகிறவர்கள், பெட்டியில் அடுக்குகிறவர்கள் என்று அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த வேன் டிரைவர்கூட, "சின்னக்கா, லோடு ரெடியா?" என்பார். காரணம் ரொம்பச் சாதாரணமானது. அவளுடைய அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூத்தவள் பெரியக்கா, இளையவள் சின்னக்கா. நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஊருக்கு வெளியே பெரிய சாலையை ஒட்டி வரிசையாகப் பசுமைக்குடில்கள். சாலட்டிலும் பர்கரிலும் வைக்கிற லெட்டூஸ் அங்கே விளைந்தது. வெயில் ஏறுவதற்குள் அறுத்து, கூடை கூடையாகப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். வந்த கையோடு குளிர் அறைக்குள் தள்ளிவிட வேண்டும். அறுத்த பிறகும் இலைக்குள் சூடு தங்கியிருக்கும். அது இறங்காமல் பெட்டியில் போட்டு மூடினால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக் கொழகொழவென்று ஆகிவிடும். சூடு இறங்கியதும் வெளிப்பக்கத்து முரட்டு இலைகளை உரித்து, ஐஸ் தண்ணீரில் அலசி, சுற்றுகிற மிஷினில் போட்டு ஈரத்தை உதறுவார்கள். அந்த மிஷினுக்கு ராட்டினம் என்று பேர். ராட்டினத்திலிருந்து இறங்கிய இலையைத் துணியில் பரப்பி உலரவிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, அடியிலும் மேலும் காகிதம் வைத்து, அமுக்காமல் பெட்டியில் அடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை சின்னக்காவுடையது.

கேட்பதற்கு என்னவோ சும்மா இலை அடுக்குகிற வேலை மாதிரி இருக்கும். ஆனால் பெட்டி உருப்படுவதும் உருப்படாததும் அந்த மேஜையில்தான். ஓரம் கறுத்த இலை, நரம்பு கசங்கிய இலை, தொட்டால் வழுக்குகிற இலை, இதில் ஒன்று உள்ளே போனால் போதும். பக்கத்து இலைக்குத் தொற்றி, அதிலிருந்து அடுத்ததற்குத் தொற்றி, கடைக்காரர் மூடியைத் திறக்கும்போது பச்சைக் கூழ்தான் இருக்கும். சின்னக்கா இலையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மோந்து கண்டுபிடித்துவிடுவாள். கூடை வாசலில் வந்து இறங்கும்போதே, "அந்த மூணாவது கூடையில அடியில ஏதோ இருக்கு, கொட்டிப் பாருங்க" என்பாள். கொட்டிப் பார்த்தால் இருக்கும். "சின்னக்கா மூக்கை இன்ஷ்யூர் பண்ணி வைக்கணும்" என்று டிரைவர் கேலி செய்வார்.

பெரியக்காவின் மேஜை எதிர்ப்பக்கம். அவளிடம் வந்தது வேரோடு பிடுங்கிய முழுச் செடி. வேரைச் சுற்றி ஈரப் பஞ்சு வைத்துக் கட்டி, மேலே கூம்பு மாதிரி ஓர் உறையை மாட்டி நிற்க வைப்பாள். அதனால் அக்கா தங்கைக்குள் ஓயாத ஒரு சண்டை.

"ஈரந்தாண்டி உசிரு" என்பாள் பெரியக்கா.

"ஈரந்தான் எமன்" என்பாள் சின்னக்கா.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். வேர் இருக்கிற செடிக்குக் காலடியில் ஈரம் வேண்டும். கழற்றிய இலைக்கு மேலே தங்குகிற ஈரம் ஆகாது. இது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் சண்டையை விட்டுவிட வேண்டுமா என்ன? வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுத்தான். பெரியக்கா எந்தக் காய் கீரையையும் ஈரத்துணியில் சுற்றித்தான் ஃப்ரிட்ஜில் வைப்பாள். "துணியை நல்லாப் பிழிஞ்சாவது சுத்தேன்" என்று இவள் கத்துவாள். அடித்தட்டில் ஆப்பிளையும் லெட்டூஸையும் ஒன்றாக வைக்காதே, பழம் விடுகிற மூச்சில் இலை பழுப்புப் புள்ளி போட்டுவிடும் என்று எடுத்துச் சொல்வாள். "ஆமா, ஆப்பிள் மூச்சு விடுது. நீயும் நானும் விடாமலா இருக்கோம்? நம்மால எந்த இலை வாடிப்போச்சு?" என்று பெரியக்கா வாயை அடைத்துவிடுவாள்.

வீடு என்றால் ஒரே வீடுதான். கீழே பெரியக்காவும் அவள் கணவரும், மாடியில் ஒற்றை அறையில் சின்னக்கா. சமையல் கீழே. அத்தான் தையல்காரர். முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பார். குழந்தை கிடையாது. சின்னக்காவுக்கு ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது, பிறகு யாரும் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தலை வலிக்கிறது என்று பெரியக்கா உடைமாற்றும் அறை பெஞ்சில் படுத்தாள். மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து போனார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. சின்னக்கா போய்த் தோளைத் தட்டி, "போதும் எந்திரி, ரொம்பத்தான் பண்ணாதே" என்றாள். பெரியக்காவின் ஒரு கண் மட்டும் திறந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இலை ஏற்றுகிற வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் சாயங்காலம் முடிந்துவிட்டது.

சின்னக்கா அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டதும் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ கொடுத்தாள், யார் யாருக்குச் சர்க்கரை கூடாது என்பதைக்கூட மறக்காமல் கொடுத்தாள். "நெஞ்சழுத்தம்" என்று யாரோ ஒருத்தி சமையலறை வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல் அவளைத் தாண்டிப் போயிற்று. அந்த வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். ரப்பர் பூட்ஸுக்குள் கம்பளிச் சாக்ஸ், இரண்டு ஜோடிக் கையுறை, எல்லாவற்றையும் வழக்கம்போல மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்றாள். எதிர்மேஜை காலியாக இருந்தது. வேரோடு வருகிற செடியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்திருந்தார்கள்.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ இன்னொருத்தர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது. பசித்ததா என்றால் தெரியாது, நேரம் வந்தால் சாப்பிட்டாள். தூக்கம் வந்தது. அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். யார் என்ன கேட்டாலும் "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் நாள் ஓடியது. ஓவர்டைம் வர முடியுமா? சரி. ஷிஃப்டை மாற்றிக்கலாமா? சரி. டிரைவர் அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று ஏதோ ஜோக் சொன்னார். அதற்கும் "சரி" என்றாள். பாவம், அவர் அதற்குப் பிறகு முயற்சி செய்யவில்லை.

கொட்டகையில் புதுசு என்று ஒருத்தி இருந்தாள். சேர்ந்து வருஷம் தாண்டியும் அவளுக்கடுத்து யாரும் சேராததால் பேர் மாறவில்லை. வாயாடி. குளிர் தாங்காமல் எப்போதும் நடுங்கிக்கொண்டே பேசுவாள். பெரியக்கா போன பிறகு சின்னக்காவின் மேஜையிலேயே அவளுக்கும் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். சின்னக்கா பதில் சொல்லாவிட்டாலும் அவள் பேச்சு நிற்காது. பையனின் பள்ளிக்கூடம், மாடிவீட்டுக்காரி துணி உலர்த்தும்போது சொட்டுகிற தண்ணீர், பஸ்ஸில் காலை மிதித்தவன் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த நிலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானுடைய அக்கா வந்தாள். கெட்டவள் இல்லை. எல்லாக் காரியத்தையும் உடனே முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள். அத்தான் தைத்துக்கொண்டிருக்க, அவர் காதில் விழும்படியே சின்னக்காவிடம் பேசினாள்.

"ஏம்மா, நான் சுத்தி வளைக்கல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கீங்க. மேல, கீழன்னாலும் வாசல் ஒண்ணுதான். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பேசாம பதிவு ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுருங்க. அவனுக்கும் ஒரு வாய்ச் சாப்பாடு ஆச்சு, உனக்கும் ஒரு துணை ஆச்சு. ஆடம்பரம் எதுவும் வேணாம். என்ன சொல்றே?"

"சரி அண்ணி."

வந்தவளே ஒரு கணம் திகைத்துப்போனாள். மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று தயாராக வந்திருந்தாள் போல. "அவசரம் இல்லம்மா. யோசிச்சு வேணாலும் சொல்லு."

"சரி."

முன்னறையில் தையல் மிஷின் நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.  சின்னக்கா எழுந்துபோய் அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அடுத்த மாதம் ஒரு நாள் பார்த்துச் சொல்வதாக அண்ணி கிளம்பினாள்.

அதே சமயத்தில்தான் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒரு ஹோட்டலிலிருந்து, பிறகு இரண்டு மூன்று கடைகளிலிருந்து. மூடியைத் திறந்தால் அடியில் கருப்பாக, கொழகொழவென்று. மேலாளர் திண்டாடிப்போனார். அவருக்குக் கொட்டகையில் தெர்மாமீட்டர் என்று பேர். தூங்கும்போதுகூட அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்று சொல்வார்கள். குளிர் அறையை அளந்தார். தண்ணீரை அளந்தார். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, கதவை மூடச் சொல்லி அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ராட்டினத்தைக் கழற்றி மாட்டினார்கள். டிரைவர் லெட்டூஸோடு ஆப்பிள் ஏற்றினாரா என்று குறுக்கு விசாரணை நடந்தது. அவர் ஏற்றவில்லை.

மிஞ்சியது மேஜை. மேஜையில் இரண்டு பேர். ஒருத்தி சின்னக்கா. அவளைச் சந்தேகப்படுவதா? யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

"கவனம் இல்லேன்னா வேற வேலை பாத்துக்கலாம்மா. இது பேசிக்கிட்டே செய்யற வேலை இல்ல" என்று எல்லார் முன்னாலும் தெர்மாமீட்டர் புதுசைப் பார்த்துச் சொன்னார். அன்று உடைமாற்றும் அறையில் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலேயே உட்கார்ந்து சின்னக்கா பூட்ஸைக் கழற்றினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியக்காவாக இருந்தால் தெர்மாமீட்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். சின்னக்கா சாக்ஸை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு புதுசு பேசுவதில்லை. அவள் பேசாததையும் சின்னக்கா கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலை, வேலை மும்முரத்தில் இருக்கும்போது கரண்ட் போனது. ராட்டினம் முனகிக்கொண்டே நின்றது. எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் எல்லார் கையும் அப்படியே நின்றது. சின்னக்கா அடுத்த இலையைக் கையில் பிடித்தபடி பெட்டிக்குள் பார்த்தாள். அப்போதுதான் வைத்த இலை அங்கே இருந்தது. நடுநரம்பு கண்ணாடி மாதிரி ஆகி, ஓரம் முழுக்கக் கறுத்துச் சொதசொதவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகூடத் தூக்கி எறிந்திருக்கும்.

எடுத்தாள். கையுறையில் இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் கிளறினாள். இன்னொன்று. ஏற்கெனவே மூடி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். அதிலும் ஒன்று.

பார்க்காமல் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அசதி என்று சொல்லிவிடலாம். அப்படி இல்லை. அந்த இலையை எடுத்தது, புரட்டியது, வெளிச்சத்தில் பிடித்தது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பைக் கண் பார்த்தது. வழுக்கலை விரல் தொட்டது. உள்ளே எங்கேயோ ஒரு குரல் "சரி" என்றது. வைத்துவிட்டாள். மூக்குக்கு அருகில் கொண்டுபோய் இப்போது மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் குளிர்ந்த காற்று.

இப்படி வேறு எதற்கெல்லாம் சரி சொல்லிவைத்தோம் என்று யோசித்தபோதுதான் அண்ணியின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கரண்ட் வந்தது. அவள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மூன்று இலைகளையும் ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு தெர்மாமீட்டரின் அறைக்குப் போனாள்.

"சார், திரும்பி வர்ற பெட்டி எல்லாம் என்னோடது."

"என்ன சின்னக்கா சொல்றீங்க? உங்களுதா?"

"இது இப்ப என் பெட்டியிலேர்ந்து எடுத்தது. நான்தான் வச்சேன். பாத்துத்தான் வச்சேன். எனக்கு வாடையே தெரியல சார். எப்பேர்ந்துன்னும் தெரியல. அந்தப் பொண்ணை நீங்க சும்மா திட்டிட்டீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வீட்ல உக்காந்து என்ன சார் பண்ணுவேன்? சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அப்ப..." என்று இழுத்தார். "வேர்ச்செடி கேட்டு ஆளுங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க. பெரியக்கா மேஜை சும்மாக் கிடக்கு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் வாயைத் திறக்கல."

கஷ்டமா இருக்குமா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை. "சரி" என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தி, "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள்.

திரும்பி வந்து புதுசு பக்கத்தில் நின்று, "உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

"எனக்குத் தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"உங்க பெட்டியிலேர்ந்துதான்னு. கண்ணுல பட்டதை எல்லாம் நீங்க அந்தப் பக்கம் திரும்பறப்ப எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தப்பினதுதான் திரும்பி வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அவ்வளவு பேச்சு வாங்கினியே!"

"சொன்னா யாரு நம்புவாங்க? இங்க எல்லாரும் உங்க மூக்கு மேலல்ல சத்தியம் பண்றாங்க!"

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஆனா அன்னைக்கு நான் அழுதப்போ நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போனீங்க பாருங்க, அதுதான்கா மனசு விட்டுப்போச்சு."

சின்னக்கா தலையை ஆட்டினாள்.   புதுசு ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துச் சின்னக்கா பக்கம் நகர்த்திவிட்டு, பையனுக்குப் பல் விழுந்த கதையை ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் முன்னறையில் நின்றாள்.

"அத்தான், அன்னைக்கு அண்ணிகிட்ட சரின்னு சொன்னேன்ல, அது செல்லாது. இப்ப யார் எதைக் கேட்டாலும் நான் சரின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். அழுகல் இலைக்குக்கூட."

அத்தான் மிஷினிலிருந்து காலை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவரின் களை.

"அப்பாடா. நீ சரின்னு சொல்லிட்ட. நான் போய் மாட்டேன்னா உனக்கு மரியாதையா இருக்காதேன்னு வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ராத்திரியெல்லாம் யோசனை. உன்னை நான் பள்ளிக்கூடப் பொண்ணாப் பாத்தவம்மா. எனக்கு எப்படி..."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்."

அத்தான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, இன்னொண்ணும் கேக்கணும்னு இருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா ஒரு நாத்தம் வருதே, உனக்கு அடிக்கலையா?"

"இல்லையே."

"குடலைப் புரட்டுது. பால் எடுக்கறப்ப நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திறக்கறேன். அந்த அடித்தட்டுதான். அவ வச்சது. எனக்குத் திறக்க மனசு வரல. நீ திறப்பேன்னு பாத்தேன், நீயும் திறக்கல."

உண்மைதான். அன்றாடம் வேண்டியதை அன்றாடம் வாங்கிச் சமைத்துவிட்டு, மேல்தட்டுகளை மட்டுமே இருவரும் புழங்கிக்கொண்டிருந்தார்கள். காய்கறி வைக்கிற அடித்தட்டு பெரியக்காவின் ராஜ்யம். அவள் போன பிறகு அதை யாரும் இழுக்கவில்லை.

சின்னக்கா சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்தாள். முதலில் வரவில்லை. ஏதோ வழிந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததும் வந்தது. அத்தான் வாசல்பக்கம் ஓடி இருமிவிட்டு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே சுருங்கிய இரண்டு ஆப்பிள். அதன் பக்கத்தில் நீலக்கோடு போட்ட ஒரு துணிச்சுருள். துணியின் மடிப்பு பெரியக்காவின் மடிப்பு, ஓரத்தை உள்ளே செருகி, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. சின்னக்கா அதைப் பிரித்தாள். லெட்டூஸ் இருந்த இடத்தில் கருப்புத் தண்ணீரும் சில நரம்புகளும் இருந்தன.

"எத்தனை தடவ சொன்னேன்" என்றாள்.

அத்தான் வாளியோடு நின்றார்.

"துணியில சுத்தாதே, சுத்தாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா? பிழியக்கூட இல்ல பாருங்க, சொட்டச் சொட்டச் சுத்தி வச்சிருக்கா. போதாக்குறைக்குப் பக்கத்துல ஆப்பிள். வேணும்னே! நான் சொன்னேன்கிறதுக்காகவே வச்சிருக்கா. யாரு பேச்சை அவ கேட்டிருக்கா? தலைவலின்னு காலையிலேயே சொன்னா. வீட்ல இருடின்னேன். ஒண்ணும் இல்லடின்னா. வேலைக்குக் கிளம்பிட்டா. கழுதை. பிடிவாதம் பிடிச்ச கழுதை."

குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று அவளே மறந்திருந்தாள். அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நல்லாத் திட்டு" என்றார். "எனக்கும் சேத்துத் திட்டு. அன்னைக்கு நானும் போகாதேன்னுதான் சொன்னேன்."

அவள் இன்னும் கொஞ்சம் திட்டினாள். பிறகு, குழாயை மூடினதுபோல் அது நின்றுவிட்டது. கண் காய்ந்துதான் இருந்தது. துணியையும் ஆப்பிளையும் பையில் கட்டி அத்தானிடம் கொடுத்தாள். தட்டைக் கழற்றி வெந்நீரும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தாள். கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, ஜன்னல் பக்கம் காயவைத்தாள். அதன் பிறகு இருவருக்கும் முட்டை பொரித்தாள். அத்தான் இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி தெர்மாமீட்டர் புதுசிடம், "அன்னைக்குச் சொன்னது வாபஸ்" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். "எதை சார்? பேசக்கூடாதுன்னதையுமா?" என்று புதுசு கேட்டாள். "அது இல்ல" என்றுவிட்டு அவர் வேகமாகக் குளிர் அறைக்குள் போய்விட்டார்.

சின்னக்கா எதிர்மேஜைக்குப் போனாள். பஞ்சை நனைத்து, வேரைச் சுற்றி வைத்து, நூலால் கட்டி, உறையை மாட்டி நிற்க வைத்தாள். முதல் நாள் கட்டியதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நாளும் சாய்ந்தது. அந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பிடிக்காமலும் இல்லை. அவள் பழைய இடத்தில் புதுசு இலையைப் புரட்டினாள். தெர்மாமீட்டர் பிறகு ஒரு தடவை, "மறுபடி இலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். "வேணாம் சார்" என்றாள். வேணாம் என்று சொல்ல அவளுக்குச் சுலபமாக இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அண்ணி கோபித்துக்கொண்டாள். சரி என்று சொல்லிவிட்டு மாற்றிப் பேசுவது என்ன பழக்கம் என்று அத்தானிடம் போனில் கத்தினாளாம். கொஞ்ச நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் சின்னக்கா கொட்டகையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறை பார்த்தாள். ஊர் பேசுகிறதே என்று இல்லை. மாடிப்படியில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கீழே யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடப்போகிற மாதிரி காதை நீட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு அலுத்துவிட்டது. அத்தான் தடுக்கவில்லை. இலை வேனையே கேட்டு வாங்கி, கட்டிலையும் பீரோவையும் டிரைவரோடு சேர்ந்து ஏற்றி இறக்கினார். வாசனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பின. முதலில் அந்த அறையின் பெயின்ட், பிறகு பஸ் புகை, பிறகு சோப்பு. அழுகல் வாடை கடைசியாகத்தான் வந்தது, அதுவும் முன்போல வாசலிலேயே அல்ல, முகத்துக்கு அருகில் வந்தால்தான். அழுகை வரவே இல்லை. என்றைக்காவது வரும் என்று சிலர் சொன்னார்கள். அவள் அதற்காகக் காத்துக்கொண்டும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். அவள் அறையில் இருந்த ஒரே நாற்காலிக்கு ஓர் உறை தைத்து எடுத்துக்கொண்டு வந்தார் ஒரு தடவை. மாட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் தொளதொளவென்று தொங்கியது.

"இத்தனை வருஷமாத் தைக்கறீங்க, ஒரு நாற்காலிக்கு அளவு தெரியல" என்றாள் சின்னக்கா.

"சீருடைன்னா வளர்ற பிள்ளைக்குன்னு கொஞ்சம் பெரிசா வெட்டியே பழகிப்போச்சும்மா. உன் நாற்காலி வளராதுங்கறது ஞாபகம் வரல."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் உறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த வாரம் பிடித்துத் தைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் வரும் வரைக்கும் சின்னக்கா ஜன்னலில் நின்றாள். அவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு தட்டுகளைக் கழுவ உள்ளே போனாள்.